குவியல் நடந்த தூரம்

பல்லாங்குழியில் ஒரு குழியை அள்ளும்போது கையில் எத்தனை காய் வருகிறதோ அத்தனை குழி நடக்கலாம். மூன்று வந்தால் மூன்று, ஒன்பது வந்தால் ஒன்பது. தாயக்கட்டை உருட்டுவது இல்லை, சோழி குலுக்குவது இல்லை, அதிர்ஷ்டம் நுழைய இடமே இல்லை. குவியல் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் அதன் நடை. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் உருவான மிக நுட்பமான பலகை ஆட்டங்கள் சில இதே விதியின் மேல்தான் நிற்கின்றன. பலகை மட்டும் அறுகோணமாகிவிட்டது. காய்கள் குழிக்குள் கிடப்பதற்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நிற்கின்றன. அடுக்கின் உயரம் எத்தனையோ அத்தனை கட்டம் நகர்வு.

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் உட்கார்ந்து இந்த விதியின் தடத்தைத் தேடினால், அது நம்மிடம் இரண்டு வழியாக வந்து சேர்ந்திருப்பது தெரியும். ஒரு வழி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில். இன்னொரு வழி ஐரோப்பாவிலிருந்து அட்டைப் பெட்டியில். இரண்டும் ஒரே விதி என்பதை யாரும் நமக்கு எடுத்துச் சொன்னதில்லை. அதனால்தான் பலகை ஆட்டம் வடிவமைப்பது என்றால் ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த வித்தைக்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் நம் பாட்டிமார் கையில் இருந்தன, வாசலில் இருந்தன.

முதலில் கப்பல் வழி. கங்காணி ஆள் சேர்த்த காலத்திலும் அதற்குப் பிறகும் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலை இன்றும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் பேராக்கில் நிறைய உண்டு. தகரப் பெட்டியில் பித்தளைச் செம்புக்கும் சேலைக்கும் இடம் இருந்த அளவுக்குப் பல்லாங்குழிப் பலகைக்கு இடம் இருந்திருக்காது. அது தேவையும் இல்லை. இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழியை மண்ணில் தோண்டினால் பலகை தயார். விதி தலையில் வந்துவிடும், எடை கிடையாது.

காய்க்குத்தான் புதிதாக ஒன்று தேட வேண்டியிருந்தது. ஊரில் புளியங்கொட்டையும் சோழியும் மஞ்சாடியும் வைத்து ஆடினார்கள். இங்கே தோட்டத்துக் குடியிருப்பான லயத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் கொட்டை. அந்தக் கொட்டையும் நம்மைப் போலவே கடல் தாண்டி வந்ததுதான். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் கொட்டைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000கூட இல்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகளைப் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட வைத்தார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் கோலகங்சாரில் இன்றும் வேலி கட்டிப் பாதுகாக்கப்படுகிறது. சிலிபினிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். போய்ப் பார்க்க வேண்டிய மரம்.

ரப்பர்க் காய் முற்றி வெயிலில் வெடிக்கும்போது மூன்று கொட்டைகள் தெறித்து விழும். பழுப்பும் சாம்பலும் கலந்த பளபளப்பு, மேலே புள்ளியும் கோடுமாக ஒரு வரைவு. ஒரே மரத்துக் கொட்டைகளின் வரைவு ஒன்றுபோல இருக்கும், அடுத்த மரத்துடையது வேறு மாதிரி இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தே எந்த மரத்துக் கொட்டை என்று பிரிப்பார்கள். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைப்பார்கள். இன்னொரு விளையாட்டும் உண்டு. மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடியது. ஒருவன் கொட்டையின் மேல் இன்னொருவன் கொட்டையை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அழுத்த வேண்டும். எது உடையவில்லையோ அது வென்றது. கவனித்துப் பார்த்தால் ரப்பர் கொட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆடிய ஆட்டம் இது ஒன்றுதான். அதிலும் கையால் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். வழவழப்பான உருண்டைக் கொட்டை அடுக்காக நிற்காது, குவியலாகத்தான் கிடக்கும். குவியல் சிதறாமல் கிடக்கக் குழி வேண்டும். பல்லாங்குழியின் உருவம் அதன் காயிலிருந்து பிறந்தது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். காய் தட்டையாக இருந்தால் குழியே வேண்டியதில்லை.

ஆட்டத்தின் நடையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. குழிக்கு ஐந்து காய் போட்டுத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 70. என் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போகிறேன். கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்கிறேன். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறேன். என் முறை அங்கே முடிகிறது. நடுவில் ஒரு குழியில் காய்கள் சேர்ந்து நான்கானால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்ளலாம். மலாய்க்காரர்களின் சொங்காக்கிலும் நடை இதுதான். ஆனால் அங்கே பலகையின் இரண்டு முனையிலும் வீடு என்று பெரிய குழி இருக்கும். கடைசிக் காய் விழுந்த குழியையே அள்ளித் தொடர்வார்கள். மஞ்சாடியை அவர்கள் சாகா என்பார்கள், அதையும் ரப்பர் கொட்டையையும் அவர்களும் காயாக வைத்துக்கொண்டார்கள். ஒரே லயத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கொட்டையை வைத்து இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாக நடந்தன.

இந்தக் குடும்பம் மிகப் பெரியது. ஆப்பிரிக்கா முழுக்க இதன் உறவுகள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்க ஒவாரேயில் 12 குழி, குழிக்கு 4 காய், மொத்தம் 48 காய்தான். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இரு கணினி அறிஞர்கள் அந்த வகை ஆட்டம் ஒன்றை முழுவதுமாகக் கணக்கிட்டு முடித்தார்கள். இருவரும் பிழையில்லாமல் ஆடினால் சமன் என்பது விடை. அதற்கு 88,900 கோடிக்கும் மேற்பட்ட நிலைகளைக் கணினி புரட்ட வேண்டியிருந்தது. திண்ணையில் புளியங்கொட்டை வைத்து ஆடும் ஆட்டத்துக்குள் அவ்வளவு இருக்கிறது.

பல்லாங்குழியில் வழி வட்டம். பதினான்காவது குழிக்குப் பிறகு மறுபடி முதல் குழி. ஆகையால் பதினைந்து காய் சேர்ந்த குழி பலகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலும் நடக்கும். பெரிய குவியலுக்கு நீண்ட நடை. நடக்கும்போது அது தன்னை இழந்துகொண்டே போகிறது. எதிராளி பக்கத்துக்கும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது வழிக்குப் போவோம்.

அந்த வழி தாம் பலகையில் தொடங்குகிறது. பேராக்கில் எந்தக் கோப்பிக் கடை வாசலிலும் ஒரு காலத்தில் தாம் பலகை கிடக்கும். 12க்கு 12 கட்டம், ஆளுக்கு 30 காய். காய் என்பது பெரும்பாலும் சோடா பாட்டில் மூடி. எதிர்ப்பக்கக் கடைசி வரிசையைத் தொட்ட மூடியின் மேல் இன்னொரு மூடியை வைத்துவிட்டால் அது ஹாஜி. அதற்குப் பிறகு அது முன்னும் பின்னும் எவ்வளவு தூரமும் பாயும். உலகம் முழுக்க இந்த வகை ஆட்டத்தில் ராஜாவை அடையாளம் காட்ட இரண்டு காயை அடுக்குவார்கள். அடுக்கு என்பதன் மிகச் சிறிய வடிவம் அது. உயரம் கூடினால் ஆற்றல் கூடும் என்ற எண்ணம் அந்த இரண்டு மூடிக்குள் இருக்கிறது.

ருஷ்யர்கள் இதை மேலே கொண்டுபோனார்கள். பாஷ்னி என்ற அவர்கள் ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காயைப் பலகையிலிருந்து எடுப்பதில்லை. வெட்டிய காயின் அடியில் செருகுகிறார்கள். கோபுரம் வளர்கிறது. மேலே இருப்பவன் எந்த நிறமோ அவனுடையது அந்தக் கோபுரம். 1894 முதல் 1921 வரை சதுரங்க உலக வெற்றியாளராக இருந்த எமானுவேல் லாஸ்கர் இதைச் சிறு பலகைக்குச் சுருக்கி 1911இல் லாஸ்கா என்று வெளியிட்டார். 25 கட்டம், ஆளுக்கு 11 காய். இங்கே ஒரு கோபுரத்தை வெட்டினால் உச்சிக் காய் மட்டும்தான் கைதியாகும். அதுவரை அதன் அடியில் அடைபட்டுக் கிடந்தவன் தலை தூக்குவான். பல நேரம் அவன் வெட்டியவனுடைய ஆளாகவே இருப்பான். ஒரு காயும் பலகையை விட்டுப் போவதில்லை. என்னைக் கேட்டால் பலகை ஆட்ட வரலாற்றின் மிக அழகான எண்ணங்களில் ஒன்று இது. பல்லாங்குழியில் எந்தப் பக்கத்துக் குழி என்பதை வைத்து உரிமை. லாஸ்கரிடம் உச்சியில் யார் என்பதை வைத்து உரிமை.

ஆனால் லாஸ்கா கோபுரத்தின் நடைக்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை. எவ்வளவு உயர்ந்தாலும் அதே நடைதான். நம் பல்லாங்குழி விதி அடுக்குகளின் உலகத்தில் ஓங்கி ஒலித்தது 1960களில், நியூயார்க்கைச் சேர்ந்த சிட் சாக்சன் உருவாக்கிய ஃபோகஸ் ஆட்டத்தில். மூலைகள் வெட்டப்பட்ட 52 கட்டப் பலகை, ஆளுக்கு 18 காய். அடுக்கு எத்தனை உயரமோ அத்தனை கட்டம் நகரும். ஐந்துக்கு மேல் உயர்ந்தால் அடியிலிருந்து உருவிவிட வேண்டும். அதில் தன் காய் சேமிப்புக்கு வரும், எதிராளி காய் போனது போனதுதான். மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் இதை அறிமுகப்படுத்தினார். 1981இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருது இதற்குக் கிடைத்தது. சாக்சன் பல்லாங்குழியைப் பார்த்து இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கையில் உள்ள எண்ணிக்கையே நடை என்பது ஆட்டம் கட்டுகிறவர்களுக்கு இயல்பாக அகப்படும் உண்மை. திருநெல்வேலியில் அகப்பட்டது, கானாவில் அகப்பட்டது, நியூயார்க்கிலும் அகப்பட்டது.

சதுரக் கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. பக்கவாட்டில் நான்கு அண்டைக் கட்டங்கள் இருக்கின்றன. மூலையில் தொடும் நான்கும் அண்டையா இல்லையா? அண்டை என்றால் மூலைவாட்டில் ஒரு நடைக்கு 1.41 மடங்கு தூரம் கிடைத்துவிடுகிறது. இல்லை என்றால் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கட்டங்கள் அந்நியர்களாகிவிடுகின்றன. ஒவ்வொரு ஆட்டமும் இதற்குத் தனியாக ஒரு விதி சொல்ல வேண்டியிருக்கிறது. அறுகோணத்தில் இந்தக் கேள்வியே எழாது. ஆறு அண்டையும் ஒரே தூரம், மூலையில் மட்டும் தொடுவது என்று ஒன்று இல்லை. டென்மார்க்கின் பியெட் ஹைன் 1942 டிசம்பரில் ஒரு நாளிதழில் வெளியிட்ட ஹெக்ஸ் ஆட்டம் இந்த நேர்மையைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ஆறு ஆண்டு கழித்துப் பிரின்ஸ்டனில் ஜான் நாஷ் அதே ஆட்டத்தைத் தானாகக் கண்டார். அதில் சமன் என்ற முடிவே வராது, ஒருவர் வழி அடைபட்டால் இன்னொருவர் வழி திறந்தே ஆக வேண்டும்.

இந்த அறுகோணம் நம் வாசலில் எத்தனை தலைமுறையாகக் கிடக்கிறது! கோலத்தில் நேர்ப்புள்ளி சதுரப் பலகை. இடுக்குப்புள்ளி அறுகோணப் பலகை. ஒரு வரிசையில் இரண்டு புள்ளிக்கு நடுவில் விழும் இடத்தில் அடுத்த வரிசையின் புள்ளியை வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அண்டை. ‘9 புள்ளி, 5 வரை, இடுக்கு’ என்று பத்திரிகையில் போட்டிருந்தால் நம் வீட்டுப் பெண்கள் மேலே எதுவும் கேட்க மாட்டார்கள். நடுவில் 9, இரண்டு பக்கமும் 8, 7, 6, 5. கூட்டிப் பாருங்கள், 61. பிரான்சில் 1980களில் வந்து உலகம் முழுக்க விற்ற அபலோன் ஆட்டத்தின் பலகை இதே 61தான். அதில் நடுப்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் 60. அது பெல்ஜியத்தின் கிரிஸ் பர்ம் 2007இல் வெளியிட்ட ஸார் ஆட்டத்தின் பலகை. மார்கழியில் அரிசி மாவால் போடப்பட்டு வெயில் ஏறும்போது கலையும் அந்தப் புள்ளிக்கூட்டம் ஒரு முழுமையான ஆட்டப் பலகை.

வாசல் மட்டும் இல்லை, தோட்டமே இப்போது அறுகோணம்தான். பேராக்கில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட நிலங்களில் மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் முக்கோண அளவில் நடுகிறார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஆறு அண்டை மரங்கள். சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டருக்கு 123 மரம்தான் கொள்ளும், முக்கோணமாக நட்டால் 143 வரை கொள்ளும். எல்லா மட்டைக்கும் ஒரே அளவு வெளிச்சம். கோலம் போடும் பெண்ணும் செம்பனை நடுகிறவரும் ஹெக்ஸ் வடிவமைத்த பியெட் ஹைனும் ஒரே காரணத்துக்காக ஒரே அமைப்பைத் தேர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களில் யாரும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கிரிஸ் பர்மின் ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 2001இல் வந்த டிவோன். பலகை 9, 10, 11, 10, 9 என்று ஐந்து வரிசை இடுக்குப்புள்ளி, மொத்தம் 49. வெள்ளை 23, கறுப்பு 23, சிவப்பு 3. முதலில் மாறி மாறிக் காய்களை வைத்துப் பலகையை நிரப்பிவிடுவார்கள். பிறகு நடை தொடங்குகிறது. உச்சியில் உன் நிறம் இருந்தால் அது உன் அடுக்கு. உயரம் எத்தனையோ அத்தனை புள்ளி, நேர்க்கோட்டில். போய் இறங்கும் இடத்தில் காய் இருந்தே ஆக வேண்டும், வெற்றிடத்தில் இறங்க முடியாது. ஆறு பக்கமும் அடைபட்ட அடுக்கு நகரவே முடியாது. சிவப்புக் காயோடு எந்த வழியிலும் தொடர்பற்றுப் போன கூட்டம் முழுவதும், யாருடையதாக இருந்தாலும், அந்தக் கணமே பலகையை விட்டு வெளியேறும். கடைசியில் அவரவர் அடுக்குகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி வைத்து, எந்தக் கோபுரம் உயரம் என்று கண்ணால் பார்த்து வெற்றியைச் சொல்லிவிடலாம். எண்ணக்கூட வேண்டாம்.

இதில் பல்லாங்குழிக்கு நேர் எதிரான ஒன்று நடக்கிறது. வழி இங்கே வட்டம் இல்லை, நேர்க்கோடு. மிக நீண்ட வரிசையே 11 புள்ளி. ஆகவே பத்துக்கு மேல் உயர்ந்த எந்த அடுக்கும் இனி எங்கும் போக முடியாது. நடுவில் நிற்கும் அடுக்கு ஐந்து உயர்ந்தாலே அதற்குத் திரும்பக் கிடைக்கும் வழி சுருங்கிவிடும். வளர வளரக் கால் கட்டப்படுகிறது. பல்லாங்குழியில் பெருத்த குழி ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்துவிட்டு வரும். டிவோனில் பெருத்த அடுக்கு இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரே விதி, பாதையின் வடிவம் மாறியதும் இரண்டு வேறு குணம்! ஆட்டம் வடிவமைக்கப் பழகுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். புதிய விதி தேடி அலைவதற்கு முன்னால் பழைய விதியை வேறு நிலத்தில் நட்டுப் பார்க்க வேண்டும்.

டிவோனின் இன்னொரு சிறப்பு, அது முடிந்தே தீரும். ஒவ்வொரு நடையிலும் ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் மேல் ஏறுகிறது, அடுக்குகளின் எண்ணிக்கை ஒன்றாவது குறைகிறது. 49இல் தொடங்கினால் 48 நடைக்கு மேல் போகவே முடியாது. சுற்றிச் சுற்றி வந்து இழுத்தடிக்க வழியில்லை. விதியிலேயே முடிவு கட்டப்பட்டிருக்கிறது.

பிறகு விதைப்பும் அடுக்குக்குத் திரும்பி வந்தது. 2016இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் எர்னஸ்ட், எழுத்தாளர் பாட்ரிக் ராத்ஃபஸ் இருவரும் வெளியிட்ட டாக் ஆட்டத்தில் அடுக்கைத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் கட்டத்துக்குக் குறைந்தது ஒரு காயை விட்டுக்கொண்டே போக வேண்டும். பல்லாங்குழி ஆடியவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள். ஆனால் அது சதுரப் பலகை, வேறு நோக்கம் கொண்டது.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டது 1950களிலும் 60களிலும். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டின் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனைக்கு ஆள் குறைவாகத் தேவைப்பட்டு, லயங்கள் காலியாகிக்கொண்டே வந்தன. மக்கள் ஈப்போ, சிலிபின், மெங்லம்பு என்று பட்டணத்துப் பக்கம் குடிவந்தார்கள். மண்ணில் தோண்டிய பல்லாங்குழியைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. வந்த இடத்தில் சிமெண்டுத் தரை. சிமெண்டில் குழி தோண்ட முடியாது, ரப்பர் கொட்டையும் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் அந்த ஆட்டத்தை விட்டதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தரை மாறிவிட்டது. குழி போன இடத்தில் புள்ளி வைக்கலாம், கொட்டை போன இடத்தில் தட்டைக் காய் வைக்கலாம் என்று யாராவது காட்டியிருக்க வேண்டும்.

தட்டைக் காய்க்குக் குறைவே இல்லை. பாட்டில் மூடி இருக்கிறது. பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற மூடி அது, விளிம்பில் இன்று 21 பல். அறுபது சேர்த்து முப்பதுக்கு மட்டும் வண்ணம் பூசினால் போதும். வாசலில் சுண்ணக்கட்டியால் இடுக்குப்புள்ளி 9, 5 வரை. நடுப்புள்ளியை விட்டு மீதி 60இலும் ஒவ்வொரு மூடி. என் பக்கம், உன் பக்கம் என்று ஒன்று இந்தப் பலகையில் இல்லாததால் உரிமையை லாஸ்கரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். உச்சியில் யார் நிறமோ அவருடைய அடுக்கு. நடை பல்லாங்குழி நடை. அடுக்கைத் தூக்கி, நேர்க்கோட்டில், புள்ளிக்கு ஒன்றாக விதைத்துக்கொண்டே போக வேண்டும். நான்கு சேர்ந்தால் பசு.

இப்படியே விட்டால் ஆட்டம் முடியாது. விதைப்பு புதிய புள்ளிகளை நிரப்பிக்கொண்டே இருக்கும், இருவரும் பாதுகாப்பாக முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருக்கலாம். இங்கே டிவோன் கைகொடுக்கிறது. விதைக்கும் எந்தப் புள்ளியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஒரே ஒரு தடை போதும். அப்போது ஒவ்வொரு நடையிலும் கிளம்பிய புள்ளி காலியாகிறது, புதிதாக எதுவும் நிரம்புவதில்லை. 60 புள்ளியில் தொடங்கினால் 59 நடைக்குள் முடிந்தாக வேண்டும்.

பசு விதி இன்னொன்றையும் தானாகச் செய்துவிடுகிறது. எல்லாம் ஒன்றில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுவதால், நான்கைத் தொட்ட கணம் அடுக்கு பலகையை விட்டுப் போய்விடும். ஆகவே எந்த அடுக்கும் மூன்றுக்கு மேல் நிற்காது. நடையும் ஒன்று, இரண்டு, மூன்றுதான். டிவோனைப் போலக் கோபுரம் எழாது, அந்தக் கம்பீரம் இதில் கிடையாது. பதிலுக்கு, பிள்ளைகள் விரலை விடாமல் கண்ணாலேயே எண்ணிவிடலாம். மூன்று மூடிக்கு மேல் அடுக்கினால் சரிந்துவிடும் என்ற கவலையும் போகிறது. 60 மூடிக்கு அதிகபட்சம் 15 பசு. ஒற்றைப்படை என்பதால் எல்லாம் பசுவாகிவிட்டால் சமன் வராது.

விதைக்கும்போது உச்சியிலிருந்து விடுவதா, அடியிலிருந்து விடுவதா? முழு ஆட்டமும் இந்த ஒரு கேள்வியில்தான் மாறுகிறது. உச்சியிலிருந்து விட்டால் என் காய் பக்கத்திலேயே இறங்கிவிடுகிறது, கைதிகள் தூரம் போய்விடுகிறார்கள். அடியிலிருந்து விட்டால் கைதிகள் முதலில் இறங்குகிறார்கள். இறங்கும் ஒவ்வொரு கைதியும் போய் உட்காரும் அடுக்கின் உச்சி ஆகிறான், அதாவது அந்த அடுக்கை எதிராளிக்குக் கொடுத்துவிடுகிறான். மூன்று நின்ற புள்ளியில் அவன் இறங்கினால் பசு எதிராளிக்கு. ஆனால் தூரத்துப் புள்ளியில் என் காய் இறங்கும். இரண்டு பசு கொடுத்து ஒன்று வாங்கும் நடையும் வரும், கைதி இல்லாத மூன்றடுக்கை வைத்து ஒரே நடையில் மூன்று பசு வாங்கும் நடையும் வரும். எனக்கு அடியிலிருந்து விடுவதுதான் சரி என்று படுகிறது. மிதிபட்டவனைச் சுமந்துகொண்டு போனால் போகும் வழியில் அவனை இறக்கிவிட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இன்னும் தீர்க்க வேண்டியது முதல் நடை. முதலில் ஆடுபவருக்கு எவ்வளவு சாதகம் என்பதைப் பலரும் பல முறை ஆடித்தான் கண்டுபிடிக்க முடியும். அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு போதும். ஒருவர் 60 மூடியையும் தன் விருப்பப்படி பரப்பி வைக்கட்டும், மற்றவர் எந்த நிறம் வேண்டும், யார் முதலில் ஆடுவது என்ற இரண்டையும் தேர்ந்துகொள்ளட்டும். பரப்புகிறவர் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகப் பரப்பினால் அந்தப் பக்கம் எதிராளிக்குத்தான் போய்ச் சேரும்.